இருப்பிடத்தை அறிபவர் யார்?

கம்பியில்லாத் தொடர்பியலில் ஈடுபட்டுள்ள ஆராய்ச்சியாளர் தமது முன்னேற்றத்தை இரண்டு எண்களால் அளந்து வருகின்றனர். வலையமைப்பொன்று ஒரு செக்கனில் எவ்வளவு தகவலை ஏந்திச் செல்கின்றது என்பது ஒன்று. கட்டடமொன்றினுள் இருக்கும் பொருளின் அல்லது ஆளின் இருப்பிடத்தை எத்தனை சென்ரிமீற்றர் நுட்பத்துடன் கணிக்கலாம் என்பது மற்றையது. முதலாவது எண் ஏறவேண்டும், இரண்டாவது இறங்கவேண்டும். ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளும் மாநாடுகளின் பாராட்டுரைகளும் இவ்விரு எண்களையே சுற்றி நிற்கின்றன. இவற்றை ஈட்டுவதற்குச் செலவிடப்பட்ட அறிவும் உழைப்பும் சாமானியமானவை அல்ல. எனினும், இவ்விரண்டுக்கும் மேலாக மூன்றாவது வினாவொன்று உண்டு. அளக்கப்பட்ட இருப்பிடத்தை முதலில் அறிபவர் யார்? அவ்விடத்தில் நிற்கும் மனிதரா, அல்லது அவரைச் சூழ நிற்கும் கட்டடமா?

இவ்வினா சட்ட அறிஞருக்கும் அரசியலாளருக்கும் உரியது, பொறியியலாளருக்கு உரியதன்று என்பது இத்துறையில் வேரூன்றிவிட்ட ஒரு கொள்கை. கருவியை ஆக்குவது விஞ்ஞானியின் கடமை, அதனை நெறிப்படுத்துவது சமூகத்தின் கடமை என்று வேலைப் பிரிவினை செய்து மனச்சாட்சியை அமைதிப்படுத்திக்கொள்வோர் பலர். அக்கொள்கை தவறானது. இருப்பிடத்தை யார் அறிவது என்பது ஆய்வுகூடத்தில், கருவியின் அமைப்பு வரையப்படும் வேளையிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. சட்டம் வந்து சேரும்போது அத்திவாரம் இடப்பட்டுச் சுவரும் எழுந்திருக்கும். இக்கூற்றுக்கு இத்துறையின் வரலாறே சான்று பகரும்.

1. அகலப்பட்டையும் இருப்பிடமும்

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் வேண்டும். அகலப்பட்டை வலையமைப்பை மேம்படுத்தும் ஆராய்ச்சி வேறு, இருப்பிடங் காணும் ஆராய்ச்சி வேறு என்றே பலரும் எண்ணுகின்றனர். பௌதிகம் இப்பிரிவினையை ஏற்பதில்லை.

வானொலியலை ஒரு நனோசெக்கனில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தூரம் செல்லும். ஆதலின் தூரத்தை அளத்தல் என்பது நேரத்தை அளத்தலேயாகும். நேரத்தை எவ்வளவு நுட்பமாகப் பிரித்தறியலாம் என்பதோ பயன்படுத்தப்படும் மீடிறன் பட்டையின் அகலத்திலே தங்கியுள்ளது. அகலத்தின் நிகர்மாறே பருமட்டாகப் பிரித்தறியத்தக்க நேர இடைவெளியாகும். பழைய வைபைக் கருவிகள் பயன்படுத்திய 20 மெகாஹேட்ஸ் பட்டைக்கு இந்த இடைவெளி 50 நனோசெக்கன். தூரத்திற் சொன்னால் 15 மீற்றர். ஒரு வீட்டின் நீளத்தையே விழுங்கிவிடும் மங்கல் அது. 160 மெகாஹேட்ஸ் பட்டையில் அது 2 மீற்றருக்குச் சற்றுக் குறைகின்றது. ஏழாம் தலைமுறை வைபை அனுமதிக்கும் 320 மெகாஹேட்ஸ் பட்டையில் ஒரு மீற்றருக்கும் உள்ளே வந்துவிடுகின்றது. தகுந்த கணிப்பு முறைகளைக் கையாண்டால் இவ்வெல்லைகளையும் கடந்து நுட்பம் பெறலாம்.

கட்டடங்களினுள்ளே இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. சுவரிலும் கூரையிலும் தளபாடங்களிலும் பட்டுத் தெறித்த அலைகள், நேரே வந்த அலையுடன் கலந்து வாங்கியை அடைகின்றன. குறுகிய பட்டையில் இவை ஒன்றோடொன்று குழம்பிப் பிரித்தறிய முடியாதனவாகும். பட்டை அகல அகல, நேரே வந்தது எது, தெறித்து வந்தது எது என்று தெளிவாகத் தெரியும். இத்தெளிவு தகவலை விரைந்து அனுப்புவதற்கும் பயன்படும். தூரத்தை அளப்பதற்கும் பயன்படும். படங்களையும் பாடல்களையும் விரைவிற் பெறுவதற்காகப் பட்டையை அகலப்படுத்திய பொறியியலாளர், தாம் எண்ணியோ எண்ணாமலோ, அளவுகோலையும் கூர்மைப்படுத்தி விட்டனர்.

கைத்தொலைபேசி வலையமைப்பின் கதையும் இதுவே. அழைப்பை உரியவரிடம் சேர்ப்பதற்கு அவர் எந்தக் கலத்தில் இருக்கின்றார் என்பதை வலையமைப்பு அறிந்தே ஆகவேண்டும். கலமொன்று பல கிலோமீற்றர் பரந்திருந்த காலத்தில் இவ்வறிவு மொட்டையானதாக இருந்தது. கூடுதலான தகவலைச் சுமப்பதற்காகக் கலங்கள் சுருக்கப்பட்டன. பல அன்ரெனாக்களை ஒருங்கிணைத்து, அலையை ஒரு கற்றையாக்கி, பாவனையாளர் நிற்கும் திசையை நோக்கிச் செலுத்தும் முறை வந்தது. அலையை ஒருவரை நோக்கித் திருப்பத் தெரிந்த தளநிலையத்துக்கு அவர் நிற்கும் திசையும் தெரியும். 2020 இல் நிறைவெய்திய ஐந்தாம் தலைமுறை நியமங்களின் 16 ஆம் வெளியீடு, இருப்பிடங் காணலை வலையமைப்பின் தொழில்களுள் ஒன்றாக முறைப்படி சேர்த்துக்கொண்டது. ஆகவே அகலப்பட்டை ஆராய்ச்சியில் ஈடுபடும் எவரும், இருப்பிடம் எனது துறையன்று எனக் கூறி ஒதுங்கிவிட முடியாது.

2. இரண்டு ஆய்வுகூடங்கள்

குறுந்தூர இருப்பிடவியலின் தொடக்க காலத்திலேயே இரு வழிகள் பிரிந்தன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஒலிவெற்றி ஆராய்ச்சி நிலையத்தில் ரோய் வான்ற், அன்டி ஹொப்பர் முதலியோர் 1989 தொடக்கம் 1992 வரையான காலத்தில் 'செயலுறு வில்லை' என்று கூறத்தக்க ஒரு கருவியை உருவாக்கினர். ஊழியர் சட்டையில் அணிந்த சிறு வில்லையொன்று செந்நிறக்கீழ்க் கதிரினால் தன் அடையாள எண்ணைக் குறித்த இடைவெளிகளில் உமிழ்ந்து கொண்டிருக்கும். அறைகளிற் பொருத்தப்பட்ட உணரிகள் அதனை வாங்கி மத்திய கணினிக்கு அறிவிக்கும். ஒருவருக்கு வந்த தொலைபேசி அழைப்பை அவருக்கு மிக அண்மையிலுள்ள தொலைபேசிக்குத் திருப்புவதே இதன் பிரதான நோக்கம். நோக்கம் நல்லது, கருவியும் திறமானது. அதே நகரில் பின்னர் எழுந்த 'செயலுறு வௌவால்' என்னும் முறை, கழியொலியைப் பயன்படுத்திச் சில சென்ரிமீற்றர் நுட்பத்தை எட்டியது. இரண்டிலும் அமைப்பு ஒன்றே. மனிதர் பேசுகின்றார், கூரை கேட்கின்றது. அவர் எங்கே நிற்கின்றார் என்பதை அவருக்கு முன்னதாக மத்திய கணினி அறிகின்றது.

2000 ஆம் ஆண்டில் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த நிஸ்ஸங்க பிரியந்த, அனித் சக்ரபர்த்தி, ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் 'கிரிக்கெற்' என்னும் முறையொன்றை வெளியிட்டனர். அவர்களும் கழியொலியையே கையாண்டனர். ஆயின் திசையைத் தலைகீழாக மாற்றினர். சுவரிலும் கூரையிலும் பொருத்தப்பட்ட சிறு கருவிகள் வானொலியலையையும் கழியொலியையும் ஒருங்கே விடுக்கும். வானொலியலை உடனே வந்து சேரும். ஒலி பிந்தி வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு மழைமுகிலின் தூரத்தைக் கணிப்பதுபோல, மனிதர் கையிலுள்ள வாங்கி இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு தன் தூரத்தைத் தானே கணிக்கும். இங்கே கூரை பேசுகின்றது, மனிதர் கேட்கின்றார். கேட்பவர் யார், எத்தனை பேர் என்பது கூரைக்குத் தெரியாது. கணித்த இருப்பிடத்தைப் பிறருக்கு அறிவிப்பதா இல்லையா என்பது கேட்டவரின் விருப்பம்.

இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. பாவனையாளரின் அந்தரங்கம், மத்திய நிருவாகமின்மை, பலவகை வலையமைப்புகளுடனும் இயங்குதல், குறைந்த செலவு என்பவற்றைத் தமது வடிவமைப்பு இலக்குகளாக அவ்வாசிரியர்கள் கட்டுரையிலேயே குறித்திருந்தனர். தமது முறையை இருப்பிடத்தைப் 'பின்தொடரும்' முறை என்று கூறாது, இருப்பிடத்துக்குத் 'துணைபுரியும்' முறை என்றே பெயரிட்டனர். மலிவாகச் சந்தையிற் கிடைத்த உறுப்புகளைக் கொண்டே இதனைச் சாதித்தனர். மனிதரைக் காட்டிக் கொடுக்காத முறை விலையுயர்ந்தது, செயலுக்கு ஒவ்வாதது என்போருக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை.

செய்மதி வழி இருப்பிடங் காணும் ஜி.பி.எஸ். முறையும் இவ்வகையினதே. செய்மதிகள் பேசிக்கொண்டிருக்கும், வாங்கிகள் கேட்டுக்கொண்டிருக்கும். கோடிக்கணக்கானோர் அதனைப் பயன்படுத்தினும் அவர்களுள் எவரும் எங்கே நிற்கின்றார் என்பது செய்மதிக்குத் தெரியாது. இம்முறை குடிமக்களின் உரிமையை எண்ணிப் பிறந்ததன்று. அமெரிக்க இராணுவத்துக்காகப் பிறந்தது. தன் இருப்பிடத்தை அறிய விரும்பும் போர்வீரன் அலையை உமிழ்ந்தால் எதிரிக்குத் தன்னைக் காட்டிக் கொடுத்தவனாவான். ஆதலின் வாங்கி மௌனமாக இருத்தல் வேண்டும் என்பது இராணுவத்தின் தேவையாயிற்று. போர்வீரனுக்குத் தேவையெனக் கருதப்பட்ட மௌனம், கடைத்தெருவில் நடக்கும் சாதாரண மனிதருக்குத் தேவையில்லை என்று கூறுவது எந்த நியாயத்தின் பாற்பட்டது?

3. நடுநிலை என்னும் மாயை

கருவி நடுநிலையானது, கத்தி கனியையும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும் என்னும் வாதம் மிகப் பழையது. கத்தியைப் பொறுத்தவரை அது ஓரளவு பொருந்தலாம். கத்தியின் கைப்பிடி அதனை ஏந்தியவரின் கையிலேயே உண்டு. இருப்பிடங் காணும் கருவியில் கைப்பிடி யார் பக்கம் இருக்கவேண்டும் என்பதை அதனை ஆக்குபவரே தெரிவுசெய்கின்றார். தெரிவு செய்யாது விடுவதும் ஒரு தெரிவே.

1997 இல் வெளிவந்த முதலாவது வைபை நியமம் இதற்கு உதாரணம். அருகில் எந்த வலையமைப்பு உண்டு என்பதை அறிவதற்குக் கருவி காத்திருந்து கேட்கலாம். அல்லது தானே குரல் கொடுத்து விசாரிக்கலாம். குரல் கொடுப்பது விரைவானது. ஆதலின் அவ்வழி பரவலாயிற்று. ஒவ்வொரு கருவியும் குரல் கொடுக்கும்போது, தொழிற்சாலையிலேயே தனக்கு இடப்பட்ட மாறாத முகவரியையும் உடன்கூறியது. ஒருவரை உளவறியவேண்டும் என்று எவரும் இதனை ஆக்கவில்லை. தொடர்பு விரைந்து கிடைக்கவேண்டும் என்ற நல்லெண்ணமே இருந்தது. ஆயின் கைத்தொலைபேசி எங்கும் பரவிய பின்னர், சட்டைப்பையிலிருந்தபடியே அது தன் உரிமையாளரின் வரவைத் தெருவுக்கு அறிவித்துக் கொண்டிருந்தது. 2013 இல் இலண்டன் மாநகரின் வர்த்தக மையத்தில், விளம்பரத்திரை பொருத்திய சில குப்பைத்தொட்டிகள் அவ்வழியே சென்றோரின் தொலைபேசி முகவரிகளைப் பதிவுசெய்து வந்தமை வெளிவந்தது. நகர நிருவாகம் தலையிட்டு அதனை நிறுத்த நேர்ந்தது. வீதியில் நடந்தோர் எவரிடமும் எவரும் சம்மதம் கேட்டதில்லை. குப்பைத்தொட்டியிடம் தமது பெயரைச் சொல்லிச் செல்கின்றோம் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுமில்லை.

வலையமைப்பைத் தேடும்போது மாறும் முகவரிகளைப் பயன்படுத்தும் பரிகாரத்தை அப்பிள் நிறுவனம் தன் தொலைபேசிகளில் 2014 இற் புகுத்தியது. ஏனைய நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. நியமம் எழுதப்பட்ட நாளிலிருந்து அந்நாள்வரை 17 ஆண்டுகள் கழிந்துவிட்டன. வரைபலகையில் ஒரு பிற்பகலிற் கேட்டிருக்கக்கூடிய வினாவுக்கு விடை காணப் பதினேழு ஆண்டுகள்! அப்பரிகாரமும் முழுமையானதன்று. சமிக்ஞையின் வேறு இயல்புகளைக் கொண்டு கருவியை இனங்காணும் வழிகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்பட்டே வந்துள்ளன. சமூகம் பின்னர் நெறிப்படுத்தும் என்னும் வேலைப் பிரிவினை எங்கே கொண்டு சேர்க்கின்றது என்பதற்கு இது போதிய சான்று.

4. 2020 இன் பரீட்சை

இரு வழிகளும் உலகளாவிய முறையில் நேருக்கு நேர் மோதிய சந்தர்ப்பம் 2020 இன் கொள்ளைநோய்க் காலத்திலே வந்தது. நோயாளியுடன் அண்மையில் இருந்தோரைக் கண்டறிவதற்குப் புளூரூத் என்னும் குறுந்தூர அலையைப் பயன்படுத்தலாம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. தொலைபேசிகள் மாறிக்கொண்டேயிருக்கும் எழுந்தமானமான எண்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும். வேறுபாடு அடுத்த கட்டத்திலேயே எழுந்தது. மத்திய முறையில், நோயுற்றவரின் தொலைபேசி தான் சந்தித்த எண்களையெல்லாம் அரசின் கணினிக்கு அனுப்பும்; யார் யாரைச் சந்தித்தார் என்பதை அக்கணினி கணிக்கும். பரவல் முறையில், நோயுற்றவர் தமது எண்களை மாத்திரமே வெளியிடுவார். ஏனைய தொலைபேசிகள் அவற்றைப் பெற்று, தாம் அவரைச் சந்தித்ததுண்டா என்பதைத் தமக்குள்ளேயே சரிபார்க்கும். இப்பரவல் முறையைச் சுவிற்சர்லாந்தின் லோசான் கூட்டாட்சித் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த கார்மேலா துரொன்கோசோ தலைமையில், பல நாட்டுப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2020 ஏப்பிரலில் வரைந்து பகிரங்கமாக வெளியிட்டனர். அலை ஒன்றே, தொலைபேசி ஒன்றே, நோய் ஒன்றே. மாறுபட்டது கணிப்பு நிகழும் இடம் மாத்திரமே.

சிங்கப்பூர் மத்திய முறையைத் தெரிந்தது. தொடர்பறிதலுக்கு மாத்திரமே தரவு பயன்படும் என மக்களுக்கு உறுதி கூறப்பட்டிருந்தது. 2021 சனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ்ப் பொலிசார் அத்தரவைப் பெறலாம் என்பது பாராளுமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. கொலை விசாரணையொன்றில் அது பயன்படுத்தப்பட்டமையும் வெளிவந்தது. அடுத்த மாதம் ஏழு வகைப் பாரதூரமான குற்றங்களுக்கு மாத்திரம் அதனை வரையறுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அங்கு எவரும் வேண்டுமென்றே பொய்யுரைத்தனர் என்று கொள்ளவேண்டியதில்லை. உறுதிமொழி நாவில் இருந்தது. தரவு பெட்டகத்தில் இருந்தது. பெட்டகம் நிறைந்திருக்கையில் அதன் சாவியைக் கேட்போர் வருவது இயல்பு. பரவல் முறையில் அத்தகைய பெட்டகமே இல்லை. ஆதலின் மீறுவதற்கு உறுதிமொழியும் தேவைப்படவில்லை.

பரவல் முறை நோய்த்தடுப்பிற் பயனற்றது என்றும் அப்போது வாதிக்கப்பட்டது. இங்கிலாந்து முதலில் மத்திய முறையைப் பரீட்சித்து, 2020 யூனில் அதனைக் கைவிட்டு, செத்தெம்பரில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பரவல் முறையைக் கொணர்ந்தது. அவ்வாண்டின் இறுதிவரையான காலத்தில் அம்முறை ஏறத்தாழ 3 இலட்சத்துக்கும் 6 இலட்சத்துக்கும் இடைப்பட்ட தொற்றுகளைத் தவிர்த்தது என 2021 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மக்களைப் பட்டியலிடாது மக்களைக் காக்கலாம் என்பதற்கு இது கண்கூடான நிரூபணம்.

எனினும் இவ்வெற்றியின் உள்ளே ஒரு கசப்பும் உண்டு. பரவல் முறையைச் சிந்தித்தோர் பல்கலைக்கழகத்தினர். அது பல நாடுகளில் நிலைபெற்றதோ, அப்பிள், கூகிள் என்னும் இரு நிறுவனங்கள் தமது தொலைபேசிகளின் வாயிலை அம்முறைக்கு மாத்திரம் திறந்தமையினால். அன்று அவ்வாயில் நல்ல பக்கம் திறந்தது. நாளை எப்பக்கம் திறக்கும் என்பதை எந்நாட்டு மக்களும் தீர்மானிக்கப் போவதில்லை. நல்ல அமைப்பொன்று தனியார் தயவில் நிற்பது பாதி வெற்றியே.

5. எதிர்வாதம்

மத்திய முறையே உயிர் காக்கும் இடங்களும் உண்டு என்பர். உண்மை. 2006 சனவரியில் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவிலுள்ள சாகோ நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு ஏற்பட்டது. உள்ளே அகப்பட்டோர் எங்கே இருக்கின்றனர் என்பதை வெளியில் நின்றோர் அறியமுடியவில்லை. பன்னிரு தொழிலாளர் மாண்டனர். அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டம், நிலத்தடியில் உள்ளோரின் இருப்பிடத்தை வெளியிலிருந்து அறியும் மின்னியல் முறைகளைச் சுரங்கங்களில் அமைக்கப் பணித்தது. புகை சூழ்ந்த கட்டடத்தினுட் புகுந்த தீயணைப்பு வீரரின் இருப்பிடத்தை வெளியில் நிற்கும் தலைவர் அறிவது அவசியம். ஆங்கு வாங்கி மௌனமாக இருத்தல் மரணமாகும்.

இவ்வுதாரணங்கள் வாதத்தை முறிக்கவில்லை, வரையறுக்கின்றன. சுரங்கத் தொழிலாளி தான் கண்காணிக்கப்படுவதை அறிவார். நோக்கம் ஒன்றே, அது அவரது உயிர். சுரங்கத்தை விட்டு வெளியேறியதும் கண்காணிப்பு முடிகின்றது. நோக்கம், அறிவு, எல்லை ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் மத்திய முறை நியாயமானது. இம்மூன்றும் அற்ற கடைத்தொகுதியிலும் அலுவலகத்திலும் விடுதியிலும், சுரங்கத் தொழிலாளியின் பெயரைச் சொல்லி அதே முறையைப் புகுத்துவது அவரது துயரை வியாபாரம் செய்வதாகும். ஆபத்தில் அகப்பட்டவரைத் தேடுவதற்கென ஆராய்ச்சி நிதி பெறப்பட்டுப் பின்னர் வேலைக்குச் சுணங்கியவரைத் தேடுவதற்குக் கருவி விற்கப்படுமாயின், அந்த ஆராய்ச்சியாளர் தமது பங்கைப் பற்றிச் சிந்திக்கவே வேண்டும்.

6. கருவியே இல்லாதவர்

வினா இப்போது மேலும் கூர்மையடைந்துள்ளது. மீயகலப்பட்டை எனப்படும் அலைகள், 500 மெகாஹேட்சுக்கும் மேற்பட்ட பட்டையில் மிகக் குறுகிய துடிப்புகளை விடுத்து, ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நுட்பத்தைத் தரவல்லன. 2002 இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு இவற்றை அனுமதித்தபோது பலர் எதிர்பார்த்தது குறுந்தூர அதிவேகத் தகவல் பரிமாற்றத்தையே. அம்முயற்சி நியமக்குழுவில் இணக்கம் காணாது 2006 இற் கலைந்தது. அலை பின்னர் அளவுகோலாகவே பெருமளவிற் பயன்பாட்டுக்கு வந்தது. 2019 தொடக்கம் கைத்தொலைபேசிகளிலும், 2021 தொடக்கம் தொலைந்த பொருளைத் தேடும் சிறு வில்லைகளிலும் இடம்பெற்றது. அவ்வில்லைகளின் அமைப்பு உரிமையாளரின் அந்தரங்கத்தைக் கவனமாகப் பேணியது. ஆயின் வில்லையைத் தன் பையில் அறியாது சுமந்து செல்லும் இன்னொருவர் இருக்கலாம் என்பது போதியளவு எண்ணப்படவில்லை. தொடக்கத்திலிருந்த எச்சரிக்கை ஏற்பாடுகள் வேறு நிறுவனத் தொலைபேசி வைத்திருந்தோருக்கு எட்டவில்லை. பின்தொடரப்பட்டோரின் முறைப்பாடுகள் எழுந்த பின்னர், 2024 மே மாதத்திலேதான் இரு பெரும் நிறுவனங்களும் பொது எச்சரிக்கை முறையொன்றைக் கொணர்ந்தன. உரிமையாளர் நினைக்கப்பட்டார், பின்தொடரப்படக் கூடியவர் மறக்கப்பட்டார்.

இதற்கும் அப்பாற் சென்றுள்ளது வைபை அலையால் மனிதரை உணரும் ஆராய்ச்சி. மனித உடலும் அலையைத் தெறிக்கச் செய்யும். 2013 இல் டினா கற்றாபி, பாடில் அடிப் ஆகியோர் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில், வைபை அலைகளைக் கொண்டு சுவருக்கு அப்பாலுள்ளோரின் அசைவை உணரலாம் எனக் காட்டினர். வைபை வழி உணர்தலுக்கான முறையான நியமம் 2025 இல் வெளிவந்தது. தனித்து வாழும் முதியவர் விழுந்ததை உடனே அறியலாம் என்பது இதன் பெரும் பயன். அதனை இழிவாக எண்ணுதல் தகாது. ஆயின் இங்கே கைவிடுவதற்கு வில்லையும் இல்லை. அணைத்து வைப்பதற்குத் தொலைபேசியும் இல்லை. ஒருவர் இருப்பதே அவரைக் காட்டிக்கொடுக்கப் போதுமானது. கூரை கேட்கின்றது, மனிதர் பேசாமலே.

7. பல்கலைக்கழகத்தின் கடமை

விஞ்ஞானத்தின் சமூகப் பணி பற்றி 1939 இல் ஜே. டி. பேர்னல் அப்பெயரிலேயே நூலெழுதிய காலந்தொட்டு, விஞ்ஞானம் யாருக்காக என்னும் வினா பல்கலைக்கழக மண்டபங்களில் ஒலித்து வருகின்றது. அவ்வினா பெரும்பாலும் அணுவாயுதத்தைப் பற்றியதாகவும், தொலைவில் நிகழ்வதாகவும் கருதப்பட்டது. இன்று அது மாணவர் விடுதியின் சுவரில் தொங்கும் சிறு பெட்டியினுள் வந்து குடியேறியுள்ளது.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டமையைச் சுட்டி, இனிக் கவலையில்லை என்போர் இருக்கலாம். சட்டம் தேவை. ஆனால் சட்டம் சேகரிக்கப்பட்ட தரவின் மீதே கைவைக்கும். சேகரிக்க வேண்டாத முறையொன்றை அதனால் கண்டுபிடித்துத் தர முடியாது. அது பொறியியலாளராலேயே முடியும். கிரிக்கெற் முறையை ஆக்கிய மூவரும் எந்தச் சட்டத்தின் கட்டளைக்கும் காத்திருக்கவில்லை.

ஆகவே இந்நாட்டுப் பொறியியற் பீடங்களிலும் கணினி விஞ்ஞானத் துறைகளிலும் இறுதியாண்டு மாணவர் சமர்ப்பிக்கும் கம்பியில்லாத் தொடர்பு சார்ந்த ஒவ்வொரு செயற்றிட்டமும் நான்கு வினாக்களுக்கு விடை கூறவேண்டும். இருப்பிடம் எங்கே கணிக்கப்படுகின்றது? யாரிடம் எவ்வளவு காலம் தங்குகின்றது? கணிக்கப்படுபவர் அதனை அறிவாரா? மறுக்க வழியுண்டா? இவ்வினாக்கள் ஒழுக்கவியல் என்னும் தனிப் பாடவேளையில் ஒதுக்கி வைக்கப்படத் தக்கவை அல்ல. வழுவின் அளவையும் மின்செலவையும் போல, அளவீட்டு அட்டவணையின் நிரல்களாகவே அவை இடம்பெறல் வேண்டும். மத்திய முறையைத் தெரிந்தவர், பரவல் முறை ஏன் இயலாது என்பதை நிறுவும் பொறுப்பை ஏற்றல் வேண்டும். இன்று பொறுப்பு மறுபக்கத்தார் தலையிற் சுமத்தப்பட்டுள்ளது. அந்தரங்கத்தைக் காக்க விரும்புபவரே அதன் அவசியத்தை நிரூபிக்கவேண்டிய நிலை உள்ளது. இந்நிலை மாறவேண்டும்.

பெரும் நிறுவனங்கள் தீர்மானித்துவிட்ட பின்னர் சிறிய நாடொன்றின் ஆய்வுகூடம் என்ன செய்துவிட முடியும் என்னும் சலிப்பும் இங்கே கேட்கின்றது. கழியொலியின் திசையை மாற்றிய ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டவை பெரும் செல்வமோ அரிய உலோகமோ அல்ல. ஒரு சில மலிவான உறுப்புகளும், பிறர் கேட்காத வினாவைக் கேட்கும் துணிவுமே. உறுப்புகள் இங்கும் கிடைக்கின்றன. துணிவு கிடைக்குமா என்பதே எஞ்சியுள்ள வினா.

வலையமைப்பு இன்னும் விரைவடையும். அளவுகோல் இன்னும் கூர்மையடையும். அவற்றைத் தடுக்க எவரும் முனையவேண்டியதில்லை. ஆனால் விரைவும் நுட்பமும் தம்மளவில் முன்னேற்றம் ஆவதில்லை. தான் எங்கே நிற்கின்றோம் என்பதைத் தானே முதலில் அறியவும், பிறருக்குச் சொல்லவும், சொல்லாது விடவும் உரிமையுடைய மனிதரை அவை விட்டுவைக்கின்றனவா என்பதைக் கொண்டே அவை மதிக்கப்படல் வேண்டும். அவ்வுரிமையை வழங்குவதும் பறிப்பதும் இன்று வரைபலகையின் முன் அமர்ந்திருக்கும் மாணவரின் கையில் உள்ளது.